நாமா, நாங்களா? ஆரம்ப கால அமெரிக்க இலக்கியத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரு நுழைவாயில்

ஆரம்ப கால அமெரிக்க இலக்கியத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஃபெனிமோர் கூப்பரின் தலையணை நாவல் ஒன்றைத் தூக்குவார்கள். நாற்பது பக்கம் காட்டுக்குள் நடந்த பிறகும் யாரும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள். புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வேறு வரிசையில் படித்தபோது அதே விஷயம் சுவாரசியமாகிவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

எல்லை இது: இங்கிலாந்தோடு நடந்த போர் முடிந்த 1783 முதல் விட்மனின் கவிதைத் தொகுப்பு வந்த 1855 வரை. முன்னும் பின்னும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். நாடு என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது. அந்த நாட்டுக்காரன் எப்படி இருப்பான், எப்படிப் பேசுவான், எதைப் பார்த்துப் பெருமைப்படுவான் என்பதை இனிமேல்தான் உண்டாக்க வேண்டும் என்ற நிலை. எழுத்தாளர்களும் ஓவியர்களும் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள்.

உள்ளே போகுமுன் ஒரு கருவி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது இலவசமாகவே கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான்: ‘வீ’. நமக்கோ இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கிவிட்டால் ‘நாங்கள்’. இந்தக் காலத்து அமெரிக்க எழுத்தில் ‘வீ’ வரும் இடத்திலெல்லாம் நின்று, இது நாமா நாங்களா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கண்ணில் எளிதில் படாத விஷயங்கள் இதில் பளிச்சென்று தெரியும்.

படி 1: வசவிலிருந்து தொடங்குங்கள்

1820 ஜனவரியில் ‘எடின்பரோ ரெவ்யூ’ இதழில் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு புத்தக மதிப்புரை எழுதினார். அதன் முடிவில் கேள்விகளை அடுக்கினார். உலகின் நான்கு மூலையிலும் அமெரிக்கப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? அமெரிக்க நாடகத்துக்கு யார் போகிறார்கள்? அமெரிக்க ஓவியத்தையோ சிலையையோ யார் பார்க்கிறார்கள்? அமெரிக்கத் தட்டில் சாப்பிடுகிறவர் யார், அமெரிக்கப் போர்வையில் தூங்குகிறவர் யார் என்று அது நீளும்.

சுரீரென்று பட்டது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். ஓவியம் கற்க வேண்டுமா, லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும். பென்சில்வேனியாவில் பிறந்த பெஞ்சமின் வெஸ்ட் அங்கேயே தங்கி 1792இல் ராயல் அகாதமிக்குத் தலைவராகவே ஆகிவிட்டார். அமெரிக்காவின் முக்கிய ஓவியர்கள் பலர் அவருடைய கூடத்தில் தூரிகை பிடிக்கக் கற்றவர்கள்.

எழுத்தாளர்கள் பாடு இன்னும் மோசம். காரணம் ஒரு சட்டம். 1790இல் அமெரிக்கா இயற்றிய முதல் பதிப்புரிமைச் சட்டம் உள்நாட்டு எழுத்தாளர்களை மட்டுமே காத்தது. வெளிநாட்டுக்காரர் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ராயல்டி கிடையாது. வால்டர் ஸ்காட்டின் புதிய நாவல் கப்பலில் வந்து இறங்கியதும் அச்சகங்கள் போட்டி போட்டுக்கொண்டு மலிவு விலையில் இறக்கின. உள்ளூர் ஆசாமிக்குப் பணம் கொடுத்து அவன் நாவலை எதற்குப் போட வேண்டும்? நம் நாட்டுச் சட்டம் நம் எழுத்தாளனைக் காக்கப்போய் அவன் வயிற்றில் அடித்தது என்று அவர்கள் புலம்பியதில் நியாயம் உண்டு. 1891 வரை இந்த நிலை மாறவில்லை.

ஸ்மித்தின் கேள்விப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். கடைசிப் படியில் அதற்கு வருகிறேன்.

படி 2: எழுத்துக்கூட்டு (பத்து நிமிடம் போதும்)

நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர் போர் முடிந்த 1783இலேயே குழந்தைகளுக்கான எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்றைப் போட்டார். நீல அட்டைப் புத்தகம் என்றே பின்னாளில் பெயராகி, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் ஓடியது. 1828இல் 70,000 சொற்களோடு அகராதி. நிறத்தையும் மரியாதையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் ‘யு’ எழுத்து கழன்றது இவர் கைங்கரியம். எல்லாம் எடுபடவில்லை: பெண்கள், நாக்கு ஆகியவற்றுக்கான சொற்களை ஒலிக்கிறபடியே எழுதலாம் என்றார், ஊர் கேட்கவில்லை. அகராதியைப் படிக்கத் தேவையில்லை. தனிநாடு என்றால் தனி எழுத்துக்கூட்டும் வேண்டும் என்று ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தார் என்பது மனத்தில் நின்றால் போதும்.

படி 3: ஒரு சத்திரத்துப் பெயர்ப்பலகை

இப்போது ஒரே ஒரு சிறுகதை. வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’, 1819. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முன்னால் ஒட்டியிருக்கும் கற்பனை வரலாற்றாசிரியர் பற்றிய முகவுரையைத் தாண்டிவிடுங்கள். நகைச்சுவை புரிய இரண்டாம் வாசிப்பு வேண்டும்.

கதை தெரிந்ததுதான். வேலைக்குப் போகச் சோம்பல்படும் ரிப், மனைவியின் வாய்க்குப் பயந்து கேட்ஸ்கில் மலைக்குப் போகிறான். அங்கே விசித்திரமான ஆட்களின் மதுவைக் குடித்துத் தூங்குகிறான். எழுந்து வந்தால் இருபது வருடம் ஓடிவிட்டிருக்கிறது. நடுவில் ஒரு புரட்சியே நடந்து முடிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியாது.

பெயர்ப்பலகை வரும் இடத்தை மெதுவாகப் படியுங்கள். அவன் வழக்கமாக உட்கார்ந்து புகைபிடித்த சத்திரத்தின் வாசலில் மன்னர் ஜார்ஜின் சிவந்த முகம் தொங்கும். திரும்பி வந்து பார்க்கிறான். முகம் அதேதான். ஆனால் சிவப்புக் கோட்டு நீலமும் வெளிர்மஞ்சளுமாக மாறியிருக்கிறது. கையில் செங்கோல் இருந்த இடத்தில் வாள். தலையில் மடித்துவைத்த தொப்பி. கீழே பெரிய எழுத்தில் ஜெனரல் வாஷிங்டன்.

பழைய கள், புதிய மொந்தை. ஓவியனுக்குக் கூலி மிச்சம். மக்களாட்சி வந்துவிட்டது என்று ஊரே குதிக்கும் நேரத்தில், கோட்டைத்தானே மாற்றினீர்கள் என்று இர்விங் ஓரமாக நின்று சிரிக்கிறார். அன்று தேர்தல் நாள். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று ரிப்பைச் சுற்றி நெருக்குகிறார்கள். அவன் பாவம், தான் மன்னரின் விசுவாசமுள்ள குடிமகன் என்கிறான். உளவாளி, உளவாளி என்று கூச்சல். குழம்பிப்போய், எல்லாம் மாறிவிட்டது, நானும் மாறிவிட்டேன், என் பெயர் என்ன, நான் யார் என்றே சொல்ல முடியவில்லை என்கிறான். தேசிய அடையாளம் பற்றி எழுதிய பல கட்டுரைகளை விட இந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மனைவி செத்துப்போனதுதான் ரிப்புக்குக் கிடைத்த உண்மையான விடுதலை என்று முடிக்கிற கேலியை இன்று ரசிக்க முடியாது. அந்தக் காலத்து ‘நாம்’ யாரை வெளியே நிறுத்தியது என்பதற்கு அதுவும் சாட்சி என்று குறித்துக்கொண்டு நகருங்கள்.

வேடிக்கை ஒன்று. அமெரிக்காவின் முதல் பெரிய நாட்டார் கதை என்று கொண்டாடப்படும் இதை இர்விங் எழுதியது இங்கிலாந்தில் உட்கார்ந்து. கருவை எடுத்தது ஜெர்மானியக் கதை ஒன்றிலிருந்து. இதற்காக முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் காலம் முழுவதும் இப்படித்தான். தேசிய கீதமாகிய பாட்டைக்கூட 1814இல் இங்கிலாந்தின் குண்டு மழையைப் பார்த்துவிட்டு எழுதி, லண்டன் கேளிக்கைச் சங்கம் ஒன்றின் பாட்டு மெட்டில்தான் பாடினார்கள்.

படி 4: ஒரு ஓவியத்தின் முன் அரை மணி நேரம்

அடுத்து தாமஸ் கோல். இவரும் இங்கிலாந்தில் லங்காஷயரில் பிறந்து, 1818இல் பதினேழு வயதில் குடும்பத்தோடு வந்தவர். 1825இல் ஹட்சன் நதி வழியே மேலே போய்ப் பார்த்த காட்சிகளை வரைந்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் பின்னாளில் ஹட்சன் நதிப் பள்ளி என்று பெயர் பெற்ற நிலக்காட்சி மரபு.

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ‘தி ஆக்ஸ்போ’ என்ற 1836ஆம் வருட ஓவியத்தைத் திறந்து, முடிந்தவரை பெரிதாக்குங்கள். கைபேசி வேண்டாம், கணினித் திரை நல்லது. நுகத்தில் மாட்டைப் பூட்ட அதன் கழுத்தைச் சுற்றி வளைத்து மாட்டுவார்களே, அந்த வளைந்த மரம்தான் ஆக்ஸ்போ. மாசசூசெட்ஸில் ஹோலியோக் மலை மேலிருந்து பார்த்தால் கனெக்டிகட் நதி அப்படி வளைந்து ஓடுகிறது.

முதலில் இடப்பக்கம். இடி மின்னல் போய்க்கொண்டிருக்கிறது, கரிய மேகம், முறிந்து முறுக்கிக்கொண்ட மரம், ஆள் நடமாட்டமில்லாத காடு. பிறகு வலப்பக்கம். வெயில், கட்டம் கட்டமாக வயல்கள், புகைபோக்கியிலிருந்து எழும் புகை, படகு. பாதியில் கோடு கிழித்தது போல. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது? காடு பின்வாங்குகிறது, வயல் முன்னேறுகிறது என்று ஒரு கதையை, ஒரு சொல்கூட இல்லாமல், அவர் சொல்லிவிட்டார். இதுதான் அமெரிக்கா என்று பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். ஐரோப்பாவில் இடிந்த கோட்டைகள் உண்டு. இங்கே அவை இல்லை, ஆனால் மனிதக் கை படாத காடு உண்டு. இல்லாததை நினைத்து வெட்கப்பட்டவர்களுக்கு, இருப்பதைப் பெருமையாக மாற்றிக் கொடுத்த சாமர்த்தியம் இது.

அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். கீழே, நடுவில், பாறைகளுக்கு இடையே தேடுங்கள். தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம், ஓவியச் சட்டத்தின் முன் உட்கார்ந்து, வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நம்மைப் பார்க்கிறது. அது கோல். அவருடைய குடையும் கொஞ்சம் தள்ளிப் பாறை மேல் இருக்கிறது. எதற்காகத் திரும்பிப் பார்க்கிறார்? எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பதாக எனக்குத் தோன்றும். அதே 1836இல் அவர் எழுதிய கட்டுரையில், கோடரியின் நாசம் நாளுக்கு நாள் பெருகுகிறது என்று வருந்துகிறார். அப்படியானால் வலப்பக்கத்து வெயில் மகிழ்ச்சிதானா?

சந்தேகம் இருந்தால் அவருடைய ‘பேரரசின் போக்கு’ என்ற ஐந்து ஓவிய வரிசையையும் பாருங்கள். காட்டு நிலை, மேய்ச்சல், உச்சம், அழிவு, பாழ். ஐந்திலும் பின்னணியில் ஒரே மலை, உச்சியில் ஒரே உருண்டைப் பாறை. அதைத் தேடிக்கொண்டே போங்கள். சுற்றிலும் முன்னேற்றம் முன்னேற்றம் என்று பேசிய காலத்தில் பாழில் கொண்டுபோய் முடித்தவர் இவர்.

படி 5: கூப்பர், ஒரே ஒரு அத்தியாயம்

‘தி பயனியர்ஸ்’, 1823. முழுக்கப் படிக்காதீர்கள். புறா வேட்டை வரும் அத்தியாயம் மட்டும். வானத்தை மறைத்துக்கொண்டு பறக்கும் புறாக்கூட்டத்தைக் குடியேறிகள் துப்பாக்கி போதாதென்று சிறு பீரங்கி வைத்துச் சுடுகிறார்கள். கிழட்டு வேட்டைக்காரன் நாட்டி பம்போ தனக்கு வேண்டிய ஒரே ஒரு பறவையைச் சுட்டுவிட்டு, இப்படி வீணாக்குகிறீர்களே என்று திட்டிவிட்டுப் போகிறான். அந்த வகைப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்தது. அத்தியாயம் படித்தபின் இது நினைவில் இருந்தால் வாசிப்பு வேறு மாதிரி ஆகிவிடும்.

கூப்பரின் புகழ்பெற்ற நாவல் 1826இல் வந்தது. மோஹிக்கன் இனத்தின் கடைசி ஆள் என்று தலைப்பிலேயே ஒரு மக்களுக்குச் சங்கு ஊதிவிட்டது. அழகான சோகம், வாசகர்கள் கண் கலங்கினார்கள். நான்கே வருடத்தில், 1830இல், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் நிறைவேறியது. தானாக மறைந்துபோகிறவர்களுக்காக அழுவது சுலபம், துரத்துகிறோம் என்று ஒப்புக்கொள்வது கஷ்டம்.

இங்கே உடனே வில்லியம் ஏபஸைப் படியுங்கள். பீக்வாட் இனத்தவர், போதகர். 1836இல் பாஸ்டன் மேடையில், 1676இல் குடியேறிகளோடு நடந்த போரில் கொல்லப்பட்ட பூர்வகுடித் தலைவர் ஃபிலிப்புக்கு இரங்கலுரை நிகழ்த்தினார். உங்களுக்கு வாஷிங்டன் எப்படியோ எங்களுக்கு ஃபிலிப் அப்படி என்றார். இங்கிலாந்திலிருந்து குடியேற வந்த யாத்திரிகர்கள் கரையிறங்கிய டிசம்பர் 22, சுதந்திர நாளான ஜூலை 4 இரண்டையும் துக்க நாளாக வைக்கச் சொன்னார். பென்சிலை எடுங்கள். அவர் தம் மக்களைப் பற்றிப் பேசும் ‘வீ’ நாங்கள்தான்.

படி 6: டாலர் நோட்டும் அரை நிர்வாண வாஷிங்டனும்

ஒரு டாலர் நோட்டில் இருக்கும் வாஷிங்டன் முகம் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்த படத்திலிருந்து வந்தது. படத்தை அவர் முடிக்கவே இல்லை. முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே. தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்து விற்றார்; ஒவ்வொரு பிரதியையும் என் நூறு டாலர் நோட்டு என்பாராம்.

இதற்கு நேர் எதிர்க்கதை சிற்பி ஹொரேஷியோ கிரீனோவுடையது. அரசாங்கம் 1832இல் வாஷிங்டன் சிலைக்குச் சொன்னது. ஃப்ளாரன்ஸில் உட்கார்ந்து, கிரேக்கர்களின் ஜீயஸ் தெய்வத்தை மாதிரியாக வைத்து, சட்டையில்லாமல் இடுப்பில் துணியோடு ஒரு கையை மேலே தூக்கியபடி செதுக்கி அனுப்பினார். 1841இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வைத்தார்கள். தேசத் தந்தை குளித்துவிட்டுத் துணியைத் தேடுகிறார் என்று ஊர் சிரித்தது. இரண்டு வருடத்தில் வெளிப்புல்வெளிக்குத் தள்ளிவிட்டார்கள். எந்த உருவத்தில் தன்னைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு நாடு தடுமாறியதை இதைவிட நன்றாகக் காட்டும் கல் வேறில்லை.

டெலவேர் நதியை வாஷிங்டன் கடக்கும் பிரம்மாண்டமான படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இமானுவேல் லாய்ட்ஸ, 1851, வரைந்த இடம் ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப். 1848இல் ஐரோப்பியப் புரட்சிகள் தோற்றபின் அங்குள்ளவர்களுக்கும் தெம்பூட்டத்தான் வரைந்தார். நதி கடந்தது 1776 டிசம்பரில். படகில் பறக்கும் கொடியோ 1777இல்தான் ஏற்கப்பட்டது. இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்வதில் பலருக்கு ஆனந்தம். என்னைக் கேட்டால், படகில் துடுப்பு போடும் கறுப்பரையும் ஸ்காட்லாந்துத் தொப்பிக்காரரையும் கவனியுங்கள். ஒரு படகுக்குள் எத்தனை பேரை ‘நாம்’ என்று ஏற்றலாம் என்று ஒரு ஜெர்மானியர் கணக்குப் போட்டிருக்கிறார்.

படி 7: எமர்சன், தோரோ, விட்மன்

1837 ஆகஸ்ட் 31, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊரில் கட்டுரையாளர் எமர்சன் ஆற்றிய ‘அமெரிக்க அறிஞன்’ உரை. ஐரோப்பாவின் அரசவைக் கலைத்தேவிகளை நெடுங்காலம் செவிமடுத்துவிட்டோம் என்ற வரிக்காகப் பெயர் பெற்றது. நடுப்பகுதி கடினம்; கடைசி நான்கைந்து பத்தியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம், தப்பில்லை.

தோரோவின் ‘வால்டன்’ (1854) நூலில் நமக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றுவதைப் பார்த்துவிட்டு, வெயிலில் வாடும் மதராஸ், பம்பாய், கல்கத்தாவாசிகள் என் கிணற்றில் நீர் அருந்துகிறார்கள் என்று எழுதுகிறார். அப்படிப் பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பிரதியாக அவர் பெற்றுக்கொண்டது பகவத் கீதை. அதே பக்கத்தில் கங்கை நீரை வால்டன் குளத்து நீரோடு கலக்கிறார்.

விட்மன் 1855இல் தம் செலவில் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பை வெளியிட்டார். 795 பிரதிகள், பன்னிரண்டு கவிதைகள். முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது; சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒரு தொழிலாளி மாதிரியான படம் மட்டும். எமர்சன் பாராட்டிக் கடிதம் எழுதினார். மனிதர் அதிலிருந்து ஒரு வரியை, கேட்காமலேயே, அடுத்த பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார். விளம்பரம் என்றால் இதுவல்லவா. படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். பட்டியல் பட்டியலாக வரும் இடங்கள் கண்ணுக்குச் சலிக்கும், காதுக்குச் சலிக்காது. பாரதி இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். வசன கவிதைகளை ஒருமுறை புரட்டிவிட்டு விட்மனுக்குள் போனால் தமிழ்க் காதுக்குப் பழக்கமான ஓசை கேட்கும்.

படி 8: விட்டுப்போன கேள்வி

சிட்னி ஸ்மித்தின் பட்டியலில் கடைசிக் கேள்வி இது: ஐரோப்பாவின் பழைய கொடுங்கோல் அரசுகளில் எதன் கீழ் ஆறில் ஒருவன் அடிமையாக இருக்கிறான், சக மனிதர்கள் அவனை வாங்கவும் விற்கவும் வதைக்கவும்?

புத்தகம் எழுதி, படம் வரைந்து, சிலை செதுக்கி முதல் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ரோச்செஸ்டரில் பேசினார். சுதந்திர தின உரை, ஆனால் ஒரு நாள் தள்ளி. நாட்டை நிறுவியவர்களை முதலில் மனமாரப் புகழ்கிறார். ஆனால் எப்படி? உங்கள் தந்தையர், உங்கள் தேசம், உங்கள் சுதந்திரம். பிறகு: இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல, நீங்கள் மகிழலாம், நான் துக்கம் காக்க வேண்டும். ‘உங்கள்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.

முடிக்குமுன் காலத்தில் பின்னால் போய் ஒரே ஒரு பக்கம். ஃபிலிஸ் வீட்லி, சிறுமியாக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். இருபது வயதளவில், 1773இல், அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. பாஸ்டனில் அச்சிட ஆள் கிடைக்காமல் லண்டனில். ஓர் அடிமைப் பெண் எழுதியதென்றால் உலகம் நம்பாது என்று, நூலின் முன்பகுதியில் பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் பெயர் கொடுத்து உறுதிமொழி தந்திருக்கிறார்கள். இணையத்தில் அந்தப் பக்கத்தின் படமே கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். ‘வீ’ என்றுதான் தொடங்குகிறது: கீழே பெயர் கண்டவர்களாகிய... அடுத்த சொல்லைத் தமிழில் ‘நாங்கள்’ என்று மட்டுமே எழுத முடியும். பட்டியலில் ஜான் ஹான்காக் என்ற வணிகரின் பெயரும் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து அதே ஹான்காக் சுதந்திரப் பிரகடனம் என்ற இன்னொரு காகிதத்தில், எல்லோருக்கும் முதலாவதாக, மிகப் பெரிய எழுத்தில் கையெழுத்திடுகிறார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியமும் ‘வீ’ என்றுதான் தொடங்குகிறது. இரண்டு பக்கங்களையும் திரையில் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு பென்சிலை எடுங்கள்.